ஊசி போட்டது எத்தனை, ஏட்டில் எத்தனை? கேள்வி பதில்

வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவன். கேளுங்கள்.

கவிதா: எங்கள் துணை நிலையத்தில் தடுப்பூசி 112 சதவீதமாம். பொய்க் கணக்கா?

அவசரப்படாதீர்கள், முதலில் பகுதி எண்ணை, அதாவது பின்னத்தின் கீழ் எண்ணைப் பாருங்கள். மேலே இருப்பது ஊசி போட்ட பிள்ளைகள். கீழே இருப்பது மக்கள்தொகையை வைத்து மேலிடம் மதிப்பிட்டு அனுப்பிய இலக்கு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளின் குழந்தைக்கு இங்கேயே ஊசி போட்டால் மேலே ஒன்று கூடும், கீழே அந்தக் குழந்தையே இருக்காது. புகுந்த ஊரில் தலைகீழ்: ஒன்று குறையும், அந்த ஊர்ச் செவிலியர் மாதக் கூட்டத்தில் திட்டு வாங்குவார்.

முருகன்: பிக்மி எண் எங்கே வாங்குவது?

பிக்மி என்ற அரசு இணையப் பதிவேட்டில் கர்ப்பிணியைப் பதிந்ததும் தரும் எண்தானே? கிராம சுகாதாரச் செவிலியரிடம். அல்லது 102க்குப் போன் செய்யுங்கள்.

ரபீக்: நிதி கொடுப்பவர்களால் கணக்கு கெடுமா?

கெட்டிருக்கிறது. காவி (Gavi) என்ற உலகத் தடுப்பூசிக் கூட்டணி ஏழை நாடுகளுக்கு, முத்தடுப்பூசி மூன்றாம் தவணை பெற்ற ஒவ்வொரு கூடுதல் குழந்தைக்கும் 20 டாலர் கொடுத்தது. 2008இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, அரசுகள் காட்டிய உயர்வை வீடுவீடாகக் கேட்டெடுத்த கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டது. பல நாடுகளில் அரசுக் கணக்கு எகிறிய அளவுக்கு வீட்டுக் கணக்கு ஏறவில்லை. எல்லோரும் தில்லுமுல்லு செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். தலைக்கு இவ்வளவு என்றால் தலைகள் கூடத்தான் செய்யும்.

உஷா: பிக்மி எண் இல்லாமல்...

மேலே சொல்லிவிட்டேன்.

செல்வி (கிராமச் செவிலியர்): ஐயா, நீங்கள் கணக்குக் கேட்டவர், நான் எழுதுகிறவள். ஒரே கர்ப்பிணியை ஏட்டில், பிக்மியில், மாத அறிக்கையில் என்று மூன்று தடவை எழுதுகிறேன். எனக்குத் திரும்பி வந்தது என்ன?

நியாயம்தான் செல்விம்மா. நானும் "ஏன் குறைந்தது?" என்று மட்டும் கேட்டவன்தான்.

அருண்: நல்ல ஆப் வந்தால் தீராதா?

தீராது. நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில், இன்று பல நாடுகளில் ஓடும் மாவட்டத் தகவல் மென்பொருள் பிறந்தபோது, கூடவே படிவங்களையும் வெட்டினார்கள். மாவட்டத்துக்கு உதவும் சில எண்கள் போதும் என்றார்கள்.

செல்வி: யார் படிவத்தை வெட்டுவது? அவரவர் படிவம் அவரவருக்குச் செல்லப்பிள்ளை.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசி இரண்டு வருடம், ஊசி விடுபட்ட பிள்ளைகளின் பெயர், தெருவோடு ஒரு தாள் அச்சடித்துச் செவிலியர்களுக்குக் கொடுத்தேன். ஒருவர் அதை நான்காக மடித்து ஏட்டுக்குள் வைத்துக்கொண்டார். மறுமாதம், நான் அறிக்கை கேட்குமுன் அவர் தாளைக் கேட்டார்.

தினேஷ்: ஐயா, பிக்மி எண்...

102, தம்பி.