அடம்பிடிப்பவர் பக்கம்தான் நான்

கேள்வி: ஒரு கணினி விளையாட்டுக்காக நண்பர்கள் சேர்ந்து தமிழில் விக்கி (பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளம்) நடத்துகிறோம். எல்லாக் கட்டுரையும் ஒரே அமைப்பில் இருக்க வேண்டும், பகுப்பு, அதாவது கட்டுரை எந்த வகையைச் சேர்ந்தது என்ற குறிப்பு, போடாமல் எதையும் சேமிக்கக் கூடாது என்று ஒருவர் அடம்பிடிக்கிறார். எழுதுகிறவரின் சுதந்திரம் என்ன ஆவது?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: சுதந்திரத்தை அப்புறம் பார்க்கலாம். பகுப்பு என்றீர்களே, முதலில் அது. தஞ்சாவூர் அரண்மனையில் சரபோஜி மன்னர் ஆசை ஆசையாய்ச் சேர்த்த சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், அங்கிருந்த வடமொழிச் சுவடிகளைத் துறைவாரியாகப் பிரித்து 1880இல் அட்டவணை வெளியிட்டார். அதன்பின் எங்கோ இருக்கிறவரும், இன்ன நூல் தஞ்சாவூரில் இருக்கிறது என்று கண்டுகொள்ள முடிந்தது. நம் பதிப்பாளர்களோ இன்றும் 600 பக்க வரலாற்று நூலைச் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல், இல்லாமல் அச்சிடுகிறார்கள். கேட்டால் காகிதச் செலவாம். கும்பகோணம் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே சுவடிகளைப் பதிப்பித்த உ.வே.சா. அருஞ்சொற்களுக்குப் பொருள் தரும் அரும்பத அகராதி சேர்த்தாரே, அவருக்குக் காகிதம் சும்மாவா கிடைத்தது? இதைப் பலமுறை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன்.

சரி, உங்கள் விக்கி. அங்கே வருகிறவர் ஆட்டத்தின் நடுவில் இருக்கிறார். எதிரே நிற்கும் பூதத்தை எந்த ஆயுதம் சாய்க்கும் என்று அவருக்கு அந்த நிமிடமே தெரிய வேண்டும். பூதத்தின் தோற்றத்தை நான்கு பத்தி வர்ணித்துவிட்டு ஐந்தாவதில் விடையை வைத்தால் யார் காத்திருப்பார்கள்? அது என்ன என்பது முதல் வரியில் வரட்டும். பலம், இருப்பிடம், வென்றால் கிடைக்கும் பொருள் எல்லாம் பக்கத்துத் தகவல் பெட்டியில். அந்த எண்கள் ஆட்டத்தின் எந்தப் பதிப்புக்கு உரியவை என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். புதுப்பிப்பில் மாறிப்போன எண்ணை நம்பி ஆடுகிறவர் தோற்றால், பழி உங்கள் மேல்தான். பெட்டியை வார்ப்புருவாக, அதாவது எல்லாப் பக்கமும் எடுத்தாளும் ஒரே அச்சாக, செய்துவிட்டால், அமைப்பை ஓரிடத்தில் திருத்தினால் போதும், எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும்.

தமிழில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே விளையாட்டை மைன்கிராஃப்ட் என்று ஒருவர் தேடுவார், மைன்கிராப்ட் என்று மற்றவர். ஒன்றில் கட்டுரை இருக்கட்டும், மற்றதைத் தேடுகிறவரும் அங்கேயே போய்ச் சேரும்படி வழிமாற்று கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு அரைகுறைக் கட்டுரைகள் முளைக்கும், இரண்டையும் யாரும் முடிக்க மாட்டார்கள்.

உங்கள் சுதந்திரம், எப்படி ஆடி வெல்வது என்று சொல்லும் உத்திகள் பகுதியில் இருக்கிறது. அங்கே மனம்போல எழுதுங்கள், அதைத் தடுத்தால் நண்பரோடு சண்டை போடுங்கள்.

அப்புறம், இவ்வளவு பழகிய கையால் பல்லாங்குழிக்கும் ஒரு நல்ல பக்கம் எழுதுங்களேன். 14 குழி என்பது பொது. குழிக்கு ஐந்து சோழியா ஆறா, ‘பசு’ எனப்படும் சோழிக் கூட்டத்தை எப்படி எடுப்பது என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். எது சரி என்று அடித்துக்கொள்ளாமல் ஊர்ப்பெயரிலேயே உட்தலைப்பு கொடுங்கள். மன்னார்குடி விதியை உங்கள் தெருப் பாட்டிமாரைக் கேட்டு நீங்கள் எழுதுங்கள். திருவாரூர், பாபநாசம் விதிகளை அந்தந்த ஊர்க்காரர்கள் வந்து சேர்ப்பார்கள்.