வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஒரு பிறந்தநாள்: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் வீட்டு விழாக்களைப் பல ஆண்டுகளாக ஒழுங்குசெய்து கொடுத்து வருகிறேன். கணவருக்கோ மனைவிக்கோ தெரியாமல், ஒரு கருப்பொருளை வைத்துப் பிறந்தநாளை எப்படிக் கொண்டாடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பதில்கள் இதோ.

அக்கா, என் கணவருக்கு வரும் ஆனியில் 50 வயது நிறைகிறது. சிறுவயதில் தகப்பனாருடன் யாழ்தேவிப் புகையிரதத்தில் கொழும்புக்குப் போய்வந்த கதையை அடிக்கடி சொல்லுவார். கடைகளில் கிடைக்கும் கறுப்பும் பொன்னிறமுமான அலங்காரத்தை வாங்கிக் கட்டினால் போதுமா? (கோண்டாவில்)

கருப்பொருளை நீங்களே சொல்லிவிட்டீர்கள் தங்கச்சி. அந்த அலங்காரத்தை விட்டுவிடுங்கள். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, 1990 இல் போரினால் நின்று, 2014 இல்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. நின்றபோது உங்கள் கணவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்திருப்பார் என்பதால், அவருக்கு அது வெறும் வண்டியாக இருக்காது. அழைப்பிதழைப் பழைய பயணச்சீட்டைப்போல, இரண்டு விரல் அகலத்தில் தடித்த அட்டையில் வெட்டி, ஒரு பக்கம் தேதியும் மறுபக்கம் நேரமும் எழுதி, வருபவர்களின் சீட்டை வாசலில் பிள்ளைகளைக் கொண்டு துளையிடச் செய்யுங்கள். மண்டபத்தில் கதிரைகளை இரண்டிரண்டாக, நடுவில் வழிவிட்டு அடுக்கினால் அதுவே பெட்டியாகிவிடும். சுவரில் புகையிரத நிலையங்களில் உள்ளதுபோல மூன்று மொழிகளிலும் பெயர்ப்பலகை எழுதித் தொங்கவிடுங்கள். ஆனால் நிலையங்களின் பெயர்களுக்குப் பதிலாக அவர் பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், முதல் வேலை பார்த்த இடம், உங்களைக் கைப்பிடித்த கோயில் என்று வரிசைப்படுத்துங்கள். உளுந்து வடையையும் கடலையையும் பிள்ளைகளின் பழைய கொப்பித் தாளில் சுற்றிக் கொடுத்தால், வேறெந்த அலங்காரத்தையும்விட அது அவரைப் பேசவைக்கும்.

மனைவியை உடனே வீட்டுக்கு வரவழைக்க, “அம்மாவுக்குக் கடுமையாக இருக்கிறது, ஓடிவா” என்று தொலைபேசியில் சொல்லலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். விளக்குகளை அணைத்துவிட்டு, அவர் உள்ளே வந்ததும் வெடி கொளுத்தி எல்லோரும் கத்துவதாகத் திட்டம். (சாவகச்சேரி)

தம்பி, இரண்டையும் தயவுசெய்து செய்யாதீர்கள். இருண்ட வீடும், திடீரென வெடிச்சத்தமும், உடனே வா என்று வரும் அழைப்பும் நம் ஊரில் முப்பது வயதைத் தாண்டிய பலருக்கு என்ன நினைவைக் கொண்டுவரும் என்பதை நாம் மறக்கக்கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒழுங்குசெய்த ஒரு விழாவில் இதே தவறு நடந்தது. வாசலில் வெடித்த பளபளப்புக் காகித வெடியின் சத்தத்துக்கு அந்தப் பெண் கையில் இருந்த பையைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்திவிட்டார். காதுகளைப் பொத்திய கைகளை எடுக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. அன்று முதல் என் விழாக்களில் வெடியும் இருட்டும் இல்லை. விளக்கெல்லாம் எரியட்டும், பாட்டு மெதுவாக ஒலிக்கட்டும், வாசலில் முதலில் அவருக்கு மிகவும் நெருங்கிய ஒருவர், தங்கையோ பால்ய தோழியோ, தனியாக நிற்கட்டும். நெடுநாள் காணாத முகத்தை எதிர்பாராத இடத்தில் காண்பதே போதுமான திகைப்பு. வெளியே அழைத்துப் போவதற்குத் தையற்கடை, கோயில், உறவினர் வீட்டுத் தேநீர் என்று சாதாரண காரணங்களையே சொல்லுங்கள். இன்னொன்று: அன்று காலையிலேயே “பிறந்தநாள் வாழ்த்துகள்” என்று சொல்லிவிடுங்கள். மறந்ததுபோல் பகல் முழுவதும் நடித்தால், அவர் மனத்துக்குள் அழுதபடி கழித்த அந்தப் பகலை மாலை விழாவால் திருப்பிக் கொடுக்க முடியாது.

மனைவி புங்குடுதீவைச் சேர்ந்தவர். எங்கள் வளவில் பனைகள் நிற்பதால், பனையையே கருப்பொருளாக வைத்து முப்பது பேருக்குக் கூழ் காய்ச்சலாமா? (நீர்வேலி)

தாராளமாகக் காய்ச்சுங்கள், ஆனால் உங்கள் வளவில் காய்ச்சினால் மணமே காட்டிக்கொடுத்துவிடும், பக்கத்து வீட்டு அடுப்பைக் கேட்டு வையுங்கள். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவை முன்னதாகவே தண்ணீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை இறுத்தால்தான் கசப்பு நீங்கும். நண்டு, இறால், மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் வெந்த பிறகே, கரைத்த மாவையும் புளியையும் செத்தல் மிளகாய் அரைத்த கூட்டையும் விட வேண்டும். மாவை விட்டபின் துடுப்பை நிறுத்தினால் அடிப்பிடித்துவிடும். நண்டும் இறாலும் ஒத்துக்கொள்ளாதவர்கள் யார் என்று முதலே விசாரித்து, அவர்களுக்குச் சிறு பானையில் மரக்கறிக் கூழ் தனியாகக் காய்ச்சுங்கள். குடிப்பதற்குப் பனையோலையை மடித்துப் பிளா என்னும் கிண்ணம் செய்யுங்கள். ஓலை காய்ந்துவிட்டால் மடிப்பில் வெடித்து ஒழுகும் என்பதால் அன்று காலையில் வெட்டிய ஓலையாக இருக்கட்டும். விடைபெறுபவர்களின் கையில் சிறு ஓலைப்பெட்டியான குட்டானில் ஆளுக்கொரு பனங்கட்டி கொடுங்கள்.

பிறந்தநாள் நல்லூர்த் திருவிழா நாட்களில் வருகிறது. (திருநெல்வேலி)

அந்த 25 நாட்களும் பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. ஆகவே சாப்பாடு முழுவதும் சைவமாகட்டும், கேக்கும் முட்டை சேர்க்காததாகட்டும். மாலையில் பலர் கோயிலுக்குப் போவார்கள் என்பதால் மதிய உணவாக வைப்பது நல்லது.

மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பதை மாமியார் விரும்பமாட்டார். (மானிப்பாய்)

அப்படியானால் குத்துவிளக்கை அவர் கையாலேயே ஏற்றவையுங்கள், பிறகு கேக்கை வெட்டலாம்.

நான் டொரன்டோவில் இருக்கிறேன். மனைவியும் பிள்ளைகளும் இணுவிலில். இங்கிருந்தபடி நடத்த முடியுமா?

முடியும், ஆனால் நேரத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள். இங்கு மாலை 6.30 ஆகும்போது உங்களுக்குக் கோடையில் காலை 9 மணி, குளிர்காலத்தில் காலை 8 மணி. லண்டனில் உறவினர் இருந்தால் அவர்களுக்கு அது பிற்பகல் 2 மணி அல்லது 1 மணி. விருந்தினர் எல்லோரும் பேசிய பின் கடைசியாக நீங்கள் திரையில் வருவதைவிட, முதலில் நீங்களே வந்து பேசுங்கள். மின்சாரமோ இணையமோ இடையில் நின்றால் அவர் காத்திருந்த குரல் மட்டும் கிடைக்காமல் போய்விடும். ஒரு பேச்சை முன்கூட்டியே பதிவுசெய்து மூத்த பிள்ளையின் கைபேசிக்கு அனுப்பியும் வையுங்கள்.

எல்லாம் ஒழுங்குசெய்த பிறகு உறவில் ஒரு இழவு விழுந்து துடக்கு (மரணத் தீட்டு) வந்துவிட்டால்? (உரும்பிராய்)

தள்ளிவைப்பதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு, வீட்டாரின் மனநிலையைப் பார்த்து இன்னொரு நாள் குறிக்கலாம். கேக்குக்கும் சமையலுக்கும் முற்பணம் கொடுக்கும்போதே, நாள் மாறினால் என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பதிலில் சொன்னதுபோல் அழைப்பிதழைப் பயணச்சீட்டு அட்டையாக வெட்டியிருந்தால் எறிந்துவிட வேண்டாம். தேதி எழுதிய பக்கத்தில் மட்டும் ஒரு சிறு தாளை ஒட்டினால் போதும்.