செல்லோவைப் பியானோ அமுக்கினால் என்ன செய்வது?

கேள்வி: இசையமைப்பாளர் ஷோப்பானின் செல்லோ சொனாட்டா (பெரிய வயலின் போன்ற செல்லோவும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும், நான்கு பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு) ஒரு கச்சேரிப் பதிவாகக் கிடைத்தது. போனில் கேட்டால் பல இடங்களில் பியானோதான் கேட்கிறது, செல்லோ அமுங்கிவிடுகிறது. நடுநடுவே இருமல் வேறு. பதிவு மோசமா, என் போன் மோசமா?

பதில்: முதலில் போன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு ஹெட்போனில் கேளுங்கள். செல்லோவின் அடித்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸில் அதிர்கிறது, மேல்தந்தியே 220தான். போனின் சின்ன ஸ்பீக்கரில் இந்தக் கீழ்ச்சுரங்கள் மெலிந்துவிடும். பியானோவின் மேல்கட்டைகளோ கணீரென்று வரும். சொனாட்டாவின் மூன்றாம் பகுதியான, மெதுவாக நகரும் லார்கோவைப் போடுங்கள். அதில் செல்லோ நிதானமாகப் பாடும். அங்கே தெளிவாகக் கேட்டு, முதல் பகுதியில் மட்டும் மறைந்தால் போனிலும் ஹெட்போனிலும் கோளாறு இல்லை.

அப்புறம் ஏன் மறைகிறது? இசையிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. ஷோப்பான் பியானோக்காரர். முதல் பகுதியில் பியானோவுக்கு அவர் எழுதியிருப்பது அவ்வளவு அடர்த்தி. செல்லோ பாடும் அதே உயரத்தில்தான் பியானோவின் இடது கையும் நடக்கிறது. 1848 பிப்ரவரி 16 அன்று பாரிஸின் ப்ளெயெல் அரங்கில் அவரும் செல்லோ கலைஞர் ஃப்ராங்கோமும் இதை வாசித்தபோது முதல் பகுதியை விட்டுவிட்டு மற்ற மூன்றைத்தான் வாசித்தார்கள். அன்றைய ப்ளெயெல் நிறுவனப் பியானோவின் ஒலி மெல்லியது. இன்றைய கச்சேரி பியானோவின் கீழ்ச்சுரங்கள் அதைவிடப் பலமடங்கு கனம். செல்லோவில் ஆட்டுக்குடல் தந்தி போய் எஃகுத் தந்தி வந்தும் அந்த வித்தியாசம் முழுதாக ஈடாகவில்லை. இன்னொரு இசையமைப்பாளரான பிராம்ஸின் இ மைனர் செல்லோ சொனாட்டாவிலும் இதே தொல்லைதான். அவரும் அதைப் 'பியானோவுக்கும் செல்லோவுக்கும்' என்று பியானோவை முன்னால் வைத்துத்தான் வெளியிட்டார்.

ஸ்டுடியோவில் செல்லோவை நகர்த்தி உட்காரவைக்கலாம், மைக்கை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். கச்சேரியில் ரசிகர்களின் பார்வையை மறைக்காமல் மைக் வைக்க வேண்டும், தொடங்கிய பின் தொட முடியாது. இருமலும் அதே மைக்கில்தான் விழுகிறது. அதை நீக்கும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருமலோடு, வில் தந்தியை உரசும் அந்த மெல்லிய சத்தமும் போய்விடும். அது போனால் செல்லோவின் உயிரே போன மாதிரி.

போனில் கீழ்ச்சுரங்களின் சத்தத்தைக் கூட்டும் 'பேஸ் பூஸ்ட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். செல்லோவுக்கு உதவும் என்று நினைத்துத்தான் பலர் அதைப் போடுகிறார்கள், ஆனால் பியானோவின் இடது கைதான் இன்னும் தடிக்கும். சத்தத்தைக் கைதட்டலை வைத்து அளக்காமல், பியானோ உச்சத்துக்குப் போகும் இடத்தில் காது தாங்கும் அளவுக்கு ஒரு முறை வைத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமென்றால், செல்லோ கலைஞர் மிஷா மைஸ்கியும் பியானோ கலைஞர் மார்த்தா ஆர்கெரிச்சும் 2000ஆம் ஆண்டு ஜப்பானில் மேடையில் வாசித்த பதிவைத் தேடுங்கள். இதே சொனாட்டா அதில் இருக்கிறது, கூடவே இசையமைப்பாளர் செஸார் ஃப்ராங்க்கின் சொனாட்டாவும். ஆர்கெரிச் அடக்கி வாசிப்பவர் அல்லர். அதற்கு மைஸ்கி எப்படி ஈடுகொடுக்கிறார் என்பதைக் கவனித்துவிட்டு, உங்களிடம் உள்ள பதிவை மறுபடி போட்டுப் பாருங்கள்.