விறைப்பு ஊசி போட்டதும் படபடத்தது, அது ஒவ்வாமையா?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: "அம்மாவுக்கு 64 வயது. பிரஷருக்கும் சீனிக்கும் குளிசை எடுக்கிறா. மூன்று வருசத்துக்கு முன் பல்லுப் பிடுங்க விறைப்பு ஊசி போட்டபோது நெஞ்சு படபடத்து, கை நடுங்கியது. இப்போது கடைவாய்ப் பல் வலிக்கிறது. 'எனக்கு அந்த ஊசி ஒத்துவராது' என்று போக மறுக்கிறா. என்ன செய்வது?"

நீங்கள் சொல்லும் படபடப்புக்குப் பெரும்பாலும் காரணம், மருந்தோடு கலந்திருக்கும் அட்ரினலின். பல் வைத்தியர் ஊசியில் பொருத்தும் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயில் வழக்கமாக இருப்பது 2 சதவீத லிக்னோகெயின். லிடோகெயின் என்பதும் இதுதான். 1.8 மில்லிலீட்டர் குழாய் என்றால் 36 மில்லிகிராம் மருந்து. அதில் சேர்க்கும் அட்ரினலின் மிகச் சொற்பம், பெரும்பாலும் 80,000இல் ஒரு பங்கு. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கும்; இரத்தக் கசிவும் குறையும். கொஞ்சம் இரத்தத்தில் கலந்தால் நெஞ்சு வேகமாக அடிக்கும், சில நிமிடங்களில் அடங்கும். வெறும் பயமே இதைச் செய்வதும் உண்டு.

உண்மையான ஒவ்வாமை என்றால் தோல் தடித்துக் கடிக்கும், உதடும் முகமும் வீங்கும், மூச்சு இழுக்கும். லிக்னோகெயினுக்கு அது மிக அரிது. அதனால் தயவுசெய்து, பரிசோதிக்காமல் கிளினிக் கொப்பியில் 'அலர்ஜி' என்று எழுத விடாதீர்கள். காயத்துக்குத் தையல் போட, சலக்குழாய் செலுத்தும்போது தடவ, அக்கி மாறிய பின்னும் விடாத எரிவைத் தணிக்க, சில ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறுகளை அடக்க என்று எத்தனையோ இடங்களில் உதவும் மருந்து இது. அந்த ஒரு சொல்லால் அம்மாவுக்கு அத்தனையும் கிடைக்காமல் போகலாம்.

வோர்ட் பிளேஸ் தேசிய பல் வைத்தியசாலையோ பக்கத்துக் கிளினிக்கோ, எங்கே போனாலும் கொப்பியையும் குளிசைகளையும் கொண்டுபோங்கள். அன்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பிரஷருக்கும் நெஞ்சுத் துடிப்புக்கும் கொடுக்கும் புரொப்ரனொலோல் குளிசை எடுப்பவரானால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அட்ரினலினோடு சேர்ந்து பிரஷரை ஏற்றக்கூடும். வைத்தியர் அளவைக் குறைத்து மெதுவாக ஏற்றலாம். அட்ரினலின் சேராத ஊசியும் இருக்கிறது, ஆனால் விறைப்பு சீக்கிரம் விட்டுவிடும்.

தள்ளிப்போடாதீர்கள். பல்லடியில் சீழ் கட்டினால் அந்த இடம் அமிலமாகும்; அப்புறம் ஊசி சரியாகப் பிடிக்காது.

வைத்தியர் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், அன்று வழக்கம்போலச் சாப்பிட்டு, குளிசையும் எடுத்துக்கொண்டு போகட்டும். உதட்டு விறைப்பு விட மூன்று மணித்தியாலம்கூட ஆகலாம். அதுவரை சூடான தேத்தண்ணி வேண்டாம். வாய் வெந்தாலும் தெரியாது.