தாத்தாவோட பழைய க்யூ, என்ன விலை போகும்?
ப்ரோ, கேஜிஎஃப் கிளப்ல தாத்தா ஆடுன பூல் க்யூ (பந்த அடிக்கிற கோல்), பேட்ஜ்ல வால்டர் லிண்ட்ரம் 4137-னு இருக்கு, வருஷமும் விலையும் சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க. அது பூல் இல்ல, பில்லியர்ட்ஸ் க்யூ. அந்த 4137-தான் துப்பே, 1932 ஜனவரியில லண்டன்ல ஜோ டேவிஸுக்கு எதிரா ஆஸ்திரேலிய பில்லியர்ட்ஸ் வீரர் லிண்ட்ரம் ஒரே பிரேக்ல, அதாவது ஆட்டம் கை மாறாம தொடர்ச்சியா, எடுத்த ஸ்கோர் அது, அதனால பேட்ஜ் ஒரிஜினல்னா க்யூ அதுக்கு முன்னாடி செஞ்சதா இருக்க முடியாது, எவ்ளோ பின்னாடின்னு பேட்ஜ் சொல்லாது.

கைப்பிடிய வெளிச்சத்துல மெதுவா திருப்புங்க. கருங்காலி வெள்ளை மரத்தோட சேர்ற முனைங்க வளைஞ்சு, ஒண்ணுக்கொண்ணு லேசா ஏத்த இறக்கமா இருந்தா கையால செஞ்சது, ரம்பப் பல்லு மாதிரி கூரா இருந்தா மெஷின் வேலை. கைவேலைக்குத்தான் மவுசு. டேப் வச்சு அளங்க, 57, 58 இன்ச் வரணும், ரொம்ப கம்மின்னா யாரோ வெட்டியிருக்காங்க, விலை விழும்.

பாலிஷ் மட்டும் போடாதீங்க ப்ளீஸ்! சிவாஜிநகர்ல ஒரு கடையில என் க்யூவ குடுத்தேன், உப்புத்தாள் போட்டு பேட்ஜ் எழுத்த பாதி தேச்சுட்டான், இன்னைக்கும் வயிறு எரியுது.

ஆன்லைன்ல கேக்குற ரேட்ட நம்பாதீங்க, வித்து முடிஞ்ச ஏலத்த பாருங்க. கைப்பிடியில அவுன்ஸ் எடை குத்தியிருக்கான்னு பாத்து போட்டோ போடுங்க, பழைய தகரக் குழாய் கேஸ் பரண்ல கிடந்தா அதையும் சேத்து.