வக்கீல் புத்தி

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அடிமை ஒழிப்பு பற்றிய உரையில், வக்கீலும் அரசியல்வாதியுமான தாடியஸ் ஸ்டீவன்ஸை மிகவும் உயர்த்திப் பேசினீர்கள். அதன்பின் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1821இல் அவர் ஓர் அடிமை உரிமையாளருக்காக வாதாடி, ஒரு கறுப்பினப் பெண்ணையும் பிள்ளைகளையும் அடிமைத்தனத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறார். முதலில் ஃபீஸ் கொடுத்தவர் பக்கம், பிறகு ஓட்டுக் கிடைக்கும் பக்கம். எல்லாம் வக்கீல் புத்திதானே?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வழக்கை மழுப்ப முடியாது. பெண்ணின் பெயர் சாரிட்டி பட்லர். வெளிமாநில அடிமையை பென்சில்வேனியாவில் ஆறு மாதம் வைத்திருந்தால் அவருக்கு விடுதலை என்பது அங்கே சட்டம். சாரிட்டி அவ்வப்போது வந்து தங்கிய நாட்களைக் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும். அப்படிக் கூட்டக்கூடாது, ஒரே தொடர்ச்சியாகத் தங்கியிருக்க வேண்டும் என்று வாதாடினார் கெட்டிஸ்பர்க்கின் இளம் வக்கீல் ஸ்டீவன்ஸ். மாநில உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நாள்கணக்கை வைத்தே ஒரு குடும்பத்தின் விடுதலையைப் பறித்த வாதம்.

ஆனால் ஓட்டுக்காக மாறினார் என்பதை நான் ஏற்கவில்லை. தப்பி வந்த அடிமைகளுக்காகப் பின்னாளில் அவர் ஃபீஸ் வாங்காமல் வாதாடினார். 1838இல் பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சட்டம் கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறித்தபோது, அதை வகுத்த அவையில் உறுப்பினராக இருந்தும் கையெழுத்துப் போட மறுத்தார். அதனால் எந்த ஓட்டும் கூடியிருக்காது. 1848இல் பென்சில்வேனியாவின் லான்காஸ்டரிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். 1851இல் கிறிஸ்டியானா என்ற ஊரில் அடிமைகளைப் பிடிக்க வந்த முதலாளி கொல்லப்பட, முப்பதுக்கும் மேற்பட்டோர் மீது தேசத்துரோக வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய வக்கீல்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவரை ஜூரி கால் மணி நேரத்தில் விடுவித்தது. அடுத்த தேர்தலில் கட்சி ஸ்டீவன்ஸை நிறுத்தவில்லை. 1859 வரை அவர் சபைக்கு வெளியேதான் இருந்தார். ஓட்டைக் கணக்குப் பார்ப்பவர் செய்கிற காரியமா இது?

வக்கீல் புத்தி என்கிறீர்களே, அது அவரிடம் கடைசிவரை இருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து 1865 டிசம்பர் 4 அன்று சபை கூடியது. தென்மாநிலங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களில் நேற்றுவரை பிரிவினை அரசில் பதவி வகித்தவர்கள் பலர். அவர்களை உள்ளே விட்டால் விடுதலை பெற்றவர்களின் கதி என்ன? தடுக்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சபைத் தலைவர் தேர்வாகும்வரை பெயர்ப்பட்டியலை வாசிப்பவர் சபையின் எழுத்தர். அப்போது அந்தப் பதவியில் இருந்த எட்வர்ட் மெக்பெர்சன் ஸ்டீவன்ஸின் ஆள். தென்மாநிலத்தார் பெயர்களை அவர் வாசிக்கவே இல்லை. டென்னசியின் ஹொரேஸ் மேனார்ட் எழுந்து பேச முயன்றார். இத்தனைக்கும் அவர் போர்க்காலம் முழுக்க ஒன்றியத்தின் பக்கம் நின்றவர். பட்டியலில் பெயர் இல்லை, ஆகவே பேச்சும் இல்லை. நாள்கணக்கில் சாரிட்டியை மடக்கிய அதே மூளைதான் இதையும் செய்தது. எனக்கு அதில் சங்கடம் இல்லை. எதிரிகளிடமும் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லையே.

அந்தக் கதவை அடைத்ததால்தான் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம் 1866 ஜூனில் சபையைத் தாண்டியது. சட்டங்களின் சமமான பாதுகாப்பை எவருக்கும் மறுக்கக்கூடாது என்ற அதன் வரியை நம் அரசியலமைப்பின் 14ஆவது பிரிவிலும் காணலாம். அமெரிக்கத் திருத்தத்தின் அந்த வரியை எழுதியதில் முதன்மையானவர் சபை உறுப்பினர் ஜான் பிங்காம். ஸ்டீவன்ஸுக்கு அந்தத் திருத்தம் போதவில்லை. குறையுள்ள இதை ஏன் ஆதரிக்கிறேன் என்றால், நான் தேவதூதர்களோடு அல்ல, மனிதர்களோடு வாழ்கிறேன் என்று சபையிலேயே சொன்னார். அதிபர் ஜான்சனைப் பதவி நீக்க அவர் எடுத்த முயற்சி 1868இல் செனட்டில் ஒரே ஓட்டில் தோற்றது. அதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

அவருடைய பெரிய தோல்வி வேறு. தெற்கின் பெருநிலக்கிழார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற ஒவ்வொரு ஆணுக்கும் 40 ஏக்கர் தர வேண்டும் என்று 1865இலேயே கேட்டார். எத்தனை சாமர்த்தியம் இருந்தும் சொந்தக் கட்சியைக்கூட அதில் வளைக்க முடியவில்லை. தனிச்சொத்தில் கைவைக்க அவர்களுக்கும் மனம் வரவில்லை. சட்டப்படி குடிமக்களான லட்சக்கணக்கானோர் பழைய எஜமானர்களின் நிலத்திலேயே விளைச்சலில் ஒரு பங்குக்கு உழப் போனார்கள்.

அன்புடன்.