ஜான் ஹர்ட்டின் கட்டைவிரல்

அன்புள்ள ஐயா,

மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் பதிவு செய்த பாடல்களைச் சென்ற வாரம் கேட்டேன். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் துயர இசையான ப்ளூஸ் என்றதும் நெஞ்சைப் பிளக்கும் குரலை எதிர்பார்த்தேன். இவரோ கொலையைக்கூடத் தாலாட்டுப் போலப் பாடுகிறார். இவரை ப்ளூஸ் பாடகர் என்பது சரிதானா? இந்த மென்மையில் துயரத்தை எங்கே தேடுவது?

— ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காதில் விழுந்தது சரிதான். அதே காலத்து ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டனின் கரகரத்த உறுமல் ஹர்ட்டிடம் கிடையாது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அவலான் என்ற சிற்றூரில் விவசாயக் கூலியாக வாழ்ந்த அவர், அக்கம்பக்கத்து நடனங்களுக்குக் கிட்டார் வாசித்தவர். வில்லி நார்மர் என்ற வெள்ளையின ஃபிடில் கலைஞருடனும் வாசித்திருக்கிறார், ஓகே இசைத்தட்டு நிறுவனத்திடம் அவரைப் பரிந்துரைத்ததும் அந்த நார்மர்தான். கதைப்பாடல், பக்திப்பாடல், ஆட்டப்பாடல், ப்ளூஸ் என எதையும் பாடுகிற கலைஞர் மரபு ஒன்று அங்கே இருந்தது; ஹர்ட் அதைச் சேர்ந்தவர். பெயருக்கு முன்னால் 'மிசிசிப்பி' என்று சேர்த்ததே நிறுவனத்தின் விற்பனை உத்தி என்பதால், வகைப்பெயரைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

நடனத்துக்கு வாசித்த பழக்கம் அவருடைய வலது கையில் தங்கிவிட்டது. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறித் தாளத்தை நடத்த, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசிக்கின்றன. 'ஃப்ராங்கி' பாட்டில் ஃப்ராங்கி என்ற பெண் தன் காதலனைச் சுடுகிறாள். கட்டைவிரல் தன்பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. 'லூயிஸ் காலின்ஸ்' இன்னும் கடுமையானது. மகன் வீட்டைவிட்டுப் போவதைப் பார்த்துத் தாய் அழுகிறாள், துப்பாக்கிகள் வெடிக்கின்றன, லூயிஸ் இறந்த செய்தி கேட்டு ஊரார் சிவப்பு உடுத்துகிறார்கள், தேவதைகள் அவனைக் கிடத்தினார்கள் என்ற பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. இவ்வளவையும் பாடகர் அழாமல் சொல்லிவிடுவதால், அழ வேண்டிய பொறுப்பு கேட்பவர் தலையில் விழுகிறது. நீங்கள் தேடும் துயரம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இந்த மென்மைக்குத் தொழில்நுட்பக் காரணமும் ஒன்று உண்டு. 1925-க்கு முன்பு பாடகர்கள் ஒரு பெரிய கூம்புக்குள் உரக்கப் பாடியாக வேண்டும். மைக் வந்த பிறகுதான் இத்தகைய தணிந்த குரல் தட்டில் ஏறியது. 1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸில் நடந்த பதிவில் மைக்கை ஹர்ட்டின் வாயருகே நகர்த்தி வைத்து, தலையை அசைக்கவே கூடாது என்றார்களாம். பல நாள் கழுத்து வலித்ததாக ஹர்ட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். தட்டில் அந்த இறுக்கம் துளியும் தெரியவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் பதிவான 'ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்' பாட்டை மறுபடியும் கேளுங்கள். நீராவித் துளைப்பானோடு போட்டியிட்டு உயிரைவிட்டதாக நாட்டுப்பாடல்கள் சொல்லும் சுத்தியல் தொழிலாளி ஜான் ஹென்றியைப் பிறர் வீரனாகப் பாடுவார்கள். ஹர்ட்டின் தொழிலாளியோ, அவனைக் கொன்ற சுத்தியல் என்னைக் கொல்லாது, இதைக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் கொடுத்து நான் போய்விட்டேன் என்று சொல்லுங்கள் என்கிறான். ஹர்ட்டே சில மாதம் ரயில்பாதையில் உழைத்தவர். கறுப்பினக் கூலி ஒருவன் வேலையை உதறிப் போவது அன்றைய அமெரிக்கத் தென் மாநிலங்களில் சாதாரணமான காரியம் அல்ல. அதை உரக்கப் பாடியிருந்தால் அறைகூவலாகியிருக்கும். இவர் பாடும்போது, முடிவெடுத்தாயிற்று, இனிக் கத்துவதற்கு என்ன இருக்கிறது என்ற தொனிதான் கேட்கிறது. 'அவலான் ப்ளூஸ்' பாட்டில் வரும் ஊர்ப்பெயரைத் துப்பாகக் கொண்டு டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ப்ளூஸ் ஆர்வலர், வெளியுலகம் மறந்துவிட்டிருந்த அவரை 1963-இல் கண்டுபிடித்த பிறகு வந்த பதிவுகளிலும் இந்தப் பாடல் உண்டு. குரலில் முதுமை ஏறியிருக்கிறது, நிதானம் அப்படியேதான் இருக்கிறது.

அன்புடன்.